வேகத்துக்கும் ஓர் இடம் வேண்டும்



சம்பளம், வீடு, சொக்சோ என்றே எழுதிக்கொண்டிருக்கிறவன் இந்த வாரம் மோட்டார்ப் பந்தயத்தைப் பற்றி எழுதுகிறானே என்று நினைப்பீர்கள். இதுவும் நம் வீட்டுப் பிரச்சினைதான். பொறுமையாகப் படித்துப் பாருங்கள்.

சில மாதங்களுக்கு முன்பு பத்து காஜாவில் ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். சம்பளப் பாக்கி விஷயமாக இருக்கும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"அண்ணே, பையன் ராத்திரியில மோட்டார எடுத்துக்கிட்டுப் போறான். ஒரு மணி, ரெண்டு மணிக்குத்தான் வர்றான். ரேஸ் ஓடுறானாம். அந்த மோட்டார் சத்தம் வாசல்ல கேக்குற வரைக்கும் எனக்குத் தூக்கம் கிடையாது. நீங்க சங்கத்து ஆளு. ரெண்டு வார்த்த சொன்னா கேப்பான்" என்றார்.

"சரிம்மா, நான் பேசுறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் என்ன பேசுவது? "டேய், ஓடாதே" என்று சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா? அதைத்தான் அன்று ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

நானும் ஓடியவன்தான்

1998ஆம் ஆண்டு. எனக்கு 19 வயது. தோட்டப் பள்ளியில் படித்து முடித்து, பட்டணத்துப் பள்ளியில் மூன்றாம் பாரத்தோடு நின்று, அப்பாவோடு பால் வெட்டப் போய்க்கொண்டிருந்த காலம். அப்போதெல்லாம் இளவட்டங்களுக்கு யமஹா ஆர்.எக்ஸ்.சட் என்றால் உயிர். அது வாங்க வழியில்லாதவன் அப்பாவின் பழைய கப்சாயின் புகைக்குழாயை அறுத்துச் சத்தம் ஏற்றிக்கொண்டு திரிவான். நான் இரண்டாவது ரகம்.

சனிக்கிழமை ராத்திரி தோட்டத்துச் செம்மண் பாதையில் தொடங்கி, வெளியே தார் ரோட்டுக்கு வந்து, பாலம் வரை ஓடித் திரும்புவோம். பரிசு என்ன? காப்பிக் கடையில் ஒரு மைலோ. அவ்வளவுதான். அந்த மைலோவுக்காக உயிரை வைத்து ஓடினோம் என்றால் இன்றைக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வாரம் ஆறு நாள் நிரை பிடித்து மரம் மரமாக நடக்கிறவனுக்கு, அந்த இரண்டு நிமிஷம்தான் தானும் ஒரு ஆள் என்ற நினைப்பைத் தந்தது. வேக ஆசை கெட்ட பிள்ளைகளுக்கு மட்டும் வருவது என்று சொல்கிறவர்களை நான் நம்ப மாட்டேன்.

ஒருநாள் விடியற்காலை, இருட்டு விலகாத நேரம். நானும் என் கூட்டாளியும் இணையாக ஓடுகிறோம். வளைவைத் தாண்டியதும் எதிரே சைக்கிளில் ஒரு பெரியவர். ஆலைக்கு வேலைக்குப் போகிறவர். சைக்கிளுக்கு விளக்கில்லை. என் கூட்டாளி அவரைத் தப்பவிட்டு ஒதுங்கினான். ஒதுங்கியவன் மதகுக் கட்டையில் மோதினான். வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

அடுத்த வாரம் அந்தப் பெரியவர் ஆஸ்பத்திரிக்கு வந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னாலதானப்பா" என்று அழுதார். அவர்மேல் என்ன தப்பு? நாற்பது வருஷமாக அவர் வேலைக்குப் போகிற பாதை அது. நாங்கள்தான் அதைப் பந்தயத் திடலாக நினைத்துக்கொண்டோம். அன்றோடு என் ஓட்டம் நின்றது.

ஆசைக்கு ஓடுகிறவர்கள்

மோட்டார்ப் பந்தயம் என்றதும் கோடி கோடியாகச் சம்பளம் வாங்கும் வெள்ளைக்காரர்கள் நம் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் உலகம் முழுக்க இந்த விளையாட்டைத் தாங்கி நிற்பவர்கள் வாரமெல்லாம் ஏதோ ஒரு வேலை பார்த்து, விடுமுறை நாளில் சொந்தக் காசில் ஓடுகிற சாமானியர்கள்தான். அவர்களைத்தான் அமெச்சூர் என்கிறோம். தொழிலுக்கு அல்ல, ஆசைக்கு ஓடுகிறவர்கள்.

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே மேன் தீவு என்று ஒன்று இருக்கிறது. ஊர்ச் சாலைகளையே அடைத்துவிட்டு அங்கே 1907 முதல் மோட்டார்ப் பந்தயம் நடத்துகிறார்கள். அமெச்சூர் ஓட்டிகளுக்கென்றே 1923இல் தனிப் பந்தயம் தொடங்கினார்கள். மலைச்சாலையில் ஒரு சுற்று மட்டும் 60 கிலோமீட்டருக்கு மேல். கல் சுவர், வீட்டு வாசல், விளக்குக் கம்பம் எல்லாம் ஓட்டியின் தோளை உரசுகிற தூரத்தில் நிற்கும். அந்தப் பாதையில் இதுவரை இறந்த ஓட்டிகள் 260 பேருக்கு மேல். சாலையை அடைத்தும், மருத்துவரை வைத்தும் இந்தக் கதி என்றால், அடைக்காத சாலையில் ராத்திரி ஓடுகிற நம் பிள்ளைகளின் நிலை என்ன?

நம் பக்கத்திலும் இந்தச் சரித்திரம் உண்டு. சிங்கப்பூரில் அப்பர் தாம்சன் ரோட்டை அடைத்து 1961 முதல் 1973 வரை கார்களும் மோட்டார்களும் ஓடின. இங்கே ஷா ஆலாமுக்குப் பக்கத்தில் பத்து தீகா ஓடுதளம் 1968இல் வந்தது. செப்பாங் 1999இல் வந்தது. சாலையில் பிறந்த விளையாட்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சாலையை விட்டு விலகித் தனக்கென்று ஓர் இடத்துக்குப் போய்விட்டது. உயிர்ச்சேதத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்தப் புத்தி வந்தது.

நம் கப்சாய்க்கு ஒரு பந்தயம்

நாம் பால் வாளியையும் சாப்பாட்டுத் தூக்கையும் கட்டிக்கொண்டு போகிற கப்சாயைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஹோண்டா கம்பெனி 1958இல் முதன்முதலாக வெளியிட்ட சூப்பர் கப்பின் வம்சம் அது. ஒற்றைக் கையால் ஓட்டலாம் என்று சாமானிய மக்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட வண்டி. 2017க்குள் 10 கோடி வண்டிகள் உற்பத்தியாகிவிட்டன.

நம் நாட்டில் 1994ஆம் ஆண்டு இந்தக் கப்சாய்க்கென்றே 'கப் பிரி' என்ற தேசியப் பந்தயம் தொடங்கியது. இன்று வரை நடக்கிறது. பெரிய ஓடுதளம் இல்லாத ஊர்களில் சாலையையோ விளையாட்டரங்கத்தின் வாகன நிறுத்துமிடத்தையோ அடைத்து, தற்காலிக ஓடுதளம் அமைத்து நடத்துவதும் உண்டு. இப்படிக் கப்சாயில் ஓடிப் பழகிய ஹாஃபிஸ் ஷாரின்தான் 2018இல் உலகப் பந்தயத்தின் உச்சப் பிரிவான மோட்டோ ஜிபியில் முழுப் பருவமும் ஓடிய முதல் மலேசியர்.

நம் பேராக் மண்ணுக்கும் ஒரு பெருமை உண்டு. பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் பக்கமாகக் கீழே இறங்கிப் போனால் பேராக் ஆற்றங்கரையில் கம்போங் காஜா. அந்த ஊர்ப் பையன் கைருல் இடாம் பாவி, 2016 ஏப்ரலில் அர்ஜெண்டினாவில், மழையில் நனைந்த ஓடுதளத்தில், மோட்டோ 3 பந்தயத்தில் முதலாவதாக வந்தார். அப்போது அவருக்கு 17 வயது. உலகப் பந்தயத்தில் அது அவருக்கு இரண்டாவது ஓட்டம்தான். அடுத்து வந்தவரைவிட 26 விநாடி முன்னால் வந்தார். அதே ஆண்டு ஜெர்மனியிலும் மழையில் ஜெயித்தார். உலகப் பந்தயத்தில் வெற்றி பெற்ற முதல் மலேசியர் கோலாலம்பூர் பணக்கார வீட்டுப் பிள்ளை அல்ல, நம் பக்கத்துக் கம்பத்துப் பிள்ளை.

"பிரேக்கு எங்கடா புடிப்ப?"

என் பழைய கூட்டாளி இன்று பத்து காஜா பக்கம் ஒரு சின்ன மோட்டார்ப் பட்டறை வைத்திருக்கிறான். செயற்கைக் காலோடுதான் வேலை. அந்த அம்மாவின் மகனை அங்கே அழைத்துக்கொண்டு போனேன். புத்தி சொல்வான் என்று நினைத்தேன். அவன் சொல்லவில்லை. வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"தம்பி, வளைவு வருது. பிரேக்கு எங்கடா புடிப்ப?"

"வளைவுல போறப்பவே புடிச்சுக்குவேன் மாமா."

"அப்ப நீ ரேஸ்காரன் இல்லடா. நேரா இருக்கறப்பவே வேகத்தக் கொறச்சுட்டு, வெளிப்பக்கமா வந்து, உள்ள ஒட்டி, மறுபடி வெளிப்பக்கமா போகணும். கண்ணு வளைவு முடியற எடத்தப் பாக்கணும், முன்சக்கரத்த இல்ல. வளைவுக்கு முன்னால அடங்குறவன்தான்டா ரேஸ்காரன்."

பையன் கைப்பேசியை எடுத்து நடிகர் அஜித் கார்ப் பந்தயம் ஓடுகிற படத்தைக் காட்டினான். "இவர் ஓட்டுறாரே, இவரையும் வேணாம்னு சொல்லுவீங்களா?" என்றான். அதற்கும் கூட்டாளியிடம் பதில் இருந்தது. அஜித் சினிமாவுக்கு வருமுன்பே மோட்டார்ப் பட்டறையில் வேலை பழகியவர், மோட்டார்ப் பந்தயம் ஓடியவர். உடம்பில் பல அறுவைச் சிகிச்சைகளைத் தாங்கியவர். 2025 ஜனவரியில் துபாயில் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் பயிற்சி எடுத்தபோது அவர் கார் தடுப்புச் சுவரில் மோதிச் சுழன்றது. ஆனால் அவர் இறங்கி நடந்து வந்தார். சில நாளில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடமும் பிடித்தது.

"ஏன் நடந்து வந்தாரு தெரியுமா? அங்க எதிர்ல லோரி வரல. அவ்வளவுதான்" என்றான் கூட்டாளி. பையன் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

நானும் ஒரு கணக்கைச் சொன்னேன். 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிற மோட்டார் ஒரு விநாடியில் 28 மீட்டர் போகும். நிரையில் பத்தடிக்கு ஒரு பால் மரம் என்றால் ஒன்பது மரம். கண் ஆபத்தைப் பார்த்து, கை பிரேக்கைப் பிடிக்கவே ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். அதாவது பிரேக்கைத் தொடுவதற்குள் ஒன்பது மரம் தாண்டியாச்சு. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் பலம் இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு. மதகுக் கட்டைக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

மஞ்சள் கொடி யாருக்காக?

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் ஒரு கூட்டாளியின் வேனில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு தெற்கே ஒரு சின்ன ஓடுதளத்துக்குப் போனோம். பந்தயம் இல்லை, பயிற்சி ஓட்டம்தான். தோல் உடையும் கையுறையும் பூட்ஸும் இரவல்.

முதலில் வண்டிச் சோதனை. கண்ணாடியைக் கழற்று, ஸ்டாண்டைக் கழற்று, விளக்குக்கு டேப் ஒட்டு என்றார்கள். எண்ணெய் ஆணி கழன்று விழாமல் கம்பி போட்டுக் கட்டச் சொன்னார்கள். ஓடுதளத்தில் ஒரு சொட்டு எண்ணெய் சிந்தினால் பின்னால் வருகிறவன் எல்லாம் விழுவான். பிறகு முறுக்கியை முறுக்கி விட்டுப் பார்த்தார்கள். அது சட்டென்று திரும்பவில்லை. பிரேக் கட்டையும் தேய்ந்திருந்தது. "இத வச்சுக்கிட்டு உள்ள போக முடியாது தம்பி" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பையன் முகம் சுருங்கிப் போயிற்று. அதே வண்டியில்தான் அவன் மாதக்கணக்காக ராத்திரி ஓடியிருக்கிறான்! கூட்டாளி அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தான்.

அடுத்து கொடிப் பாடம். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, யாரையும் முந்தக்கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம். நீலம் என்றால் பின்னால் வேகமானவன் வருகிறான், வழிவிடு. கட்டம் போட்ட கறுப்பு வெள்ளைக் கொடி என்றால் ஓட்டம் முடிந்தது.

மூன்றாவது சுற்றில் பையன் விழுந்தான். பழைய பழக்கம், வளைவுக்குள் பிரேக்கைப் பிடித்துவிட்டான். வண்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். என் நெஞ்சு நின்றுவிட்டது. ஆனால் அவன் புல்லில் சறுக்கிக்கொண்டு போய், எழுந்து நின்று, தலையை ஆட்டினான். கொடி பிடித்தவர் அதற்குள் மஞ்சளை ஆட்டிக்கொண்டிருந்தார். பின்னால் வந்தவர்கள் எல்லாம் வேகத்தைக் குறைத்து ஒதுங்கிப் போனார்கள்.

திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: "மாமா, அந்த மஞ்சக் கொடி எனக்காகவா ஆட்னாங்க?"

"ஆமாம்டா தம்பி. ஒனக்காகத்தான்."

தோழர்களே, ரோட்டுக்கும் ஓடுதளத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஓடுதளத்திலும் சாவு உண்டு, மறைக்கவில்லை. 2011 அக்டோபர் 23இல் செப்பாங்கிலேயே இத்தாலிய வீரர் மார்கோ சிமோன்செல்லி 24 வயதில் உயிர்விட்டார். ஆனால் ஓடுதளத்தில் எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள். சைக்கிளில் பெரியவர் வர மாட்டார். விழுந்தால் சறுக்க இடம் இருக்கிறது, ஓடி வர ஆள் இருக்கிறது, அம்புலன்ஸ் காத்திருக்கிறது. நம் பிள்ளைக்காக ஒருவர் கொடி ஆட்டுகிறார். ரோட்டில் யார் ஆட்டுவார்?

கேள்வியும் கோரிக்கையும்

2023ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 6,000 பேருக்கு மேல். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மோட்டாரில் போனவர்கள். எத்தனை வீட்டில் ஒற்றைச் சம்பளக்காரன் போயிருப்பான்! வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நடந்த விபத்தென்றால் சொக்சோவில் வேலை விபத்தாகக் கேட்டு வாங்கலாம். அந்தப் பாரங்களை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ராத்திரிப் பந்தயத்தில் விழுந்தவனுக்கு அந்தப் பாரத்தை எப்படி எழுதுவது? போலீசில் பிடிபட்டாலும் கதை வேறு. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42ஆம் பிரிவில் அபாயகரமாக ஓட்டுவதற்கு 5,000 முதல் 15,000 வெள்ளி வரை அபராதமும், 5 ஆண்டு வரை சிறையும் விதிக்க இடம் உண்டு. லைசென்சும் போகும். 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்குகிற குடும்பம் அதைத் தாங்குமா?

"சரி, ஓடுதளத்துக்கே போகச் சொல்றீங்க, காசு?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. நல்ல தோல் உடை ஒன்றே ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். டயர் இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, நுழைவுக் கட்டணம் இருக்கிறது. போட்டியில் இறங்க மலேசிய மோட்டார் விளையாட்டுச் சங்கத்தின் போட்டி உரிமமும் வேண்டும். ஆகவே பையன்களை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை.

நம் முன்னோர் கப்பலேறிய மதராஸைப் பாருங்கள். ஊருக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுபாதை ஒன்று சும்மா கிடந்தது. 1953இல் தொடங்கிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயத் திடலாக்கியது. புல்லட்டும் ஜாவாவும் வைத்திருந்த சாமானியர்கள் அங்கே ஓடினார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூட்டமாக மக்கள் போனார்கள். பிறகு 1990இல் அதே கிளப் இருங்காட்டுக்கோட்டையில் சொந்த ஓடுதளமே திறந்தது. ரஜினி கிருஷ்ணன், ஜெகன் குமார் போன்ற சென்னைத் தமிழர்கள் தேசிய வாகையர்களானது அந்த வழியில்தான். தொடக்கம் என்ன? யாருக்கும் உதவாத ஒரு நீளமான வெற்று நிலம்.

நம் பக்கத்தில் வெற்று நிலத்துக்குப் பஞ்சமா? கெல்லிஸ் கோட்டைப் பக்கம் தொடங்கி, பழைய ஈயக்குட்டை நிலம், பால் மரம் வெட்டிப்போட்ட நிலம் என்று எத்தனை! தோட்டங்களை விற்றார்கள், லயத்தை இடித்தார்கள், பந்தடித்த திடலும் அதோடு போயிற்று. தாமானிலும் அடுக்குமாடியிலும் கொண்டுவந்து விடப்பட்ட பிள்ளைகளுக்கு மிச்சம் இருக்கிற ஒரே திடல் தார் ரோடுதான். இதை யாராவது யோசித்தார்களா?

ஆகவே மூன்று தரப்புக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

இளைஞர்களே, தனித்தனியாகக் கடன்பட்டு ஆளுக்கொரு வண்டி வாங்காதீர்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு பழைய கப்சாய், ஒரு செட் உடை என்று முறை வைத்து ஓடுங்கள். ஒருவன் ஓட, ஒருவன் வண்டி பார்க்க, ஒருவன் நேரம் குறிக்க என்று பழகினால் பந்தயம் இல்லாவிட்டாலும் ஒரு கைத்தொழில் மிஞ்சும்.

பெற்றோர்களே, "ஓடாதே" என்று கதவைச் சாத்துவதோடு நிறுத்தாதீர்கள். எங்கே ஓடுகிறான் என்று கேளுங்கள். 1973லேயே இந்த நாட்டில் தலைக்கவசம் கட்டாயமாகிவிட்டது. இன்றும் பசாருக்குப் போகையில் நாமே அதை வீட்டில் மாட்டிவிட்டுப் போனால், பிள்ளை யாரைப் பார்த்துப் படிப்பான்?

மாநில அரசாங்கத்துக்கும் ஊராட்சி மன்றத்துக்கும் தோட்ட நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு காலி நிலம், சுற்றிலும் பழைய டயர், ஓர் அம்புலன்ஸ், கொடி பிடிக்க நாலு தொண்டர்கள். இவ்வளவு கேட்பது அதிகமா? ரோட்டில் மறியல் போட்டுப் பிள்ளைகளைப் பிடிக்கிற செலவைவிட இது குறைவாகத்தான் இருக்கும்.

அந்தப் பையன் ராத்திரி ஓட்டத்தை முழுக்க விட்டுவிட்டான் என்று பொய் சொல்ல மாட்டேன். போன மாதம்கூட ஒருநாள் போயிருக்கிறான். ஆனால் இப்போது வேலை முடிந்து கூட்டாளியின் பட்டறையில் உட்கார்ந்து பிரேக் கட்டை மாற்றப் பழகுகிறான். அடுத்த பயிற்சி ஓட்டத்துக்குக் காசும் சேர்க்கிறான். அன்றைக்கு அவன் அம்மாவைப் பசாரில் பார்த்தேன். "இப்ப தூக்கம் வருதாம்மா?" என்று கேட்டேன்.

"பாதி ராத்திரி வருதுண்ணே" என்றார்.

மீதிப் பாதியையும் அவருக்கு வாங்கிக் கொடுக்க வேண்டியது நம் எல்லாருடைய பொறுப்பு.